கண்டெடுத்துக் கொடுப்பவன்

“மாமா, தொலைஞ்சு போனதெல்லாம் உங்க கைக்கு மட்டும் எப்படி மாமா கிடைக்குது?”

என் தங்கை மகள் ஒரு நாள் இப்படிக் கேட்டாள். அன்றைக்கு அவளுடைய பென்சில் பெட்டியை நான் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தேன். வீடே அதைத் தேடி அலுத்துப்போயிருந்தது. “கடவுள் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வரம் குடுத்திருக்கார், பொடிசு. மாமாவுக்கு இது” என்றேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். அவள் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதோ என்பது போல.

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன், ஐயா. நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை என்பது தெரியும். விபத்து என்று முடிவு செய்து நீங்கள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். அதில் உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன். நீங்கள் கேட்காதவை சில இருந்தன. அவ்வளவுதான்.

நான் பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள்கள் பிரிவில் இருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை. கம்பி வலை போட்ட ஜன்னல், ஒரு மேசை, சுவரெல்லாம் இரும்பு அலமாரி. குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், மூக்குக் கண்ணாடிகள். ஒரு தடவை பல் செட் ஒன்று கைக்குட்டையில் சுற்றி வந்தது. பல்லைக்கூட விட்டுவிட்டு இறங்குகிறார்கள் என்றால் ஜனங்கள் வேறு எதைத்தான் விடமாட்டார்கள்.

எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் பொருளை எடுத்து நீட்டுவார், கையெழுத்து வாங்குவார், “அடுத்தது” என்பார். வந்தவர்களும் பொருளைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். நன்றி என்ற சொல் அந்த அறைக்குள் நுழைந்ததே இல்லை. நான் வந்த புதிதில் இதைப் பார்த்து மனம் வருந்தினேன். மனிதர்களை நன்றி கெட்டவர்களாக ஆக்குவதும் ஒரு பாவம்தானே. பிறகு யோசித்ததில் ஒன்று புரிந்தது. நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும். குடையைத் தொலைத்தவனிடம் உடனே குடையை நீட்டினால் அவன் குடையைத்தான் பார்ப்பான். “இங்க வந்த மாதிரி தெரியலையே. நாளைக்கு வாங்க, உங்களுக்காக நானே தேடிப் பாக்கறேன்” என்று சொல்லி அனுப்பி, மறுநாள் கொடுத்தால் என் முகத்தைப் பார்ப்பான்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் ஓடி வந்தாள். தேர்வு ஹால் டிக்கெட்டைப் பஸ்ஸில் விட்டுவிட்டாளாம். அது என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. நான் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அலமாரி அலமாரியாகத் தேடினேன். அவளுக்கு அழுது அழுது விக்கல் வந்துவிட்டது. “மனசைத் தளரவிடாதம்மா, கடவுளை நினைச்சுக்கோ” என்று சொல்லி, நானும் அவளோடு கண்ணை மூடிக் கும்பிட்டேன். அப்புறம் இழுப்பறையைத் திறந்தேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நீங்க மனுஷன் இல்ல சார், தெய்வம்” என்றாள். தேர்வுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போயிருப்பாள். ஆனால் இந்த உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை ஆயுசு முழுக்க அவளிடம் இருக்கும். எது பெரிது என்று நீங்களே சொல்லுங்கள்.

வீட்டிலும் அப்படித்தான். மனைவியின் கண்ணாடி, பக்கத்து வீட்டுக்காரரின் சாவிக்கொத்து என்று ஏதாவது தொலையும். நான் நிதானமாகக் கண்டெடுத்துக் கொடுப்பேன். என் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். விருந்தாளிகள் வந்தால், “தொலைக்க நாங்க இருக்கோம், தேடித் தர இவர் இருக்கார். இவர் வெளியூர் போனா மட்டும் எங்க வீட்டுல ஒரு குண்டூசி தொலையறதில்லை. அது என்ன ராசியோ” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேடிக்கையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதவன் நான் இல்லை.

தீவில் போய்க் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்றது மாப்பிள்ளை. என் தங்கையின் கணவரைத்தான் சொல்கிறேன். லிஃப்ட் பழுது பார்ப்பவர். நல்ல மனிதர். நான் அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வரவில்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு, எதையும் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வார். “லிஃப்ட்டை ஒரு கயித்தை நம்பித் தொங்கவிடறதில்ல மச்சான். ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கணும்” என்பார். வீட்டிலும் அதே கதைதான். தீப்பெட்டி இரண்டு, டார்ச் இரண்டு, கத்தரிக்கோல் இரண்டு. என் தங்கை, “நல்லவேளை, பொண்டாட்டியை மட்டும் ஒண்ணோட நிறுத்திக்கிட்டாரு” என்று கிண்டல் செய்வாள். “அது பராமரிப்புச் செலவு ஜாஸ்தி” என்பார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

ஒரு விடுமுறையில் கிளம்பினோம். நான், என் மனைவி, தங்கை, மாப்பிள்ளை, பொடிசு. படகோட்டி எங்களை இறக்கிவிட்டு, மறுநாள் சாயங்காலம் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார். போவதற்கு முன் கையை நீட்டிக் காட்டினார். “அதோ முனையில தெரியுது பாருங்க மணல் திட்டு, காலையில நடந்தே போகலாம். முழங்கால் தண்ணிதான். மத்தியானத்துக்கு மேல அந்தப் பக்கமே போகாதீங்க. சத்தமில்லாம ஏறும். நடுவுல இழுப்பு வேற இருக்கு.” இதை நான் எல்லோருக்கும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எடுத்துச் சொன்னேன். அதை நீங்கள் என் தங்கையிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

செல்போன் அங்கே எடுக்காது. அதற்கும் மாப்பிள்ளை ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு விசில்கள். ஒன்று சிவப்புக் கயிற்றில் பொடிசின் கழுத்தில், இன்னொன்று அவர் கழுத்தில். அவளைத் தூக்கி ஒரு பாறைமேல் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். “அப்பா ஊதினா நீ என்ன பண்ணணும்?” “பதிலுக்கு ஊதணும்.” “நீ ஊதினா?” “அப்பா எங்க இருந்தாலும் வந்துடுவீங்க.” “பதில் வரலேன்னா?” அவள் யோசித்தாள். “வர்ற வரைக்கும் தேடுவீங்க.” அவர் அவள் தொப்பியைச் சரிசெய்தார். மஞ்சள் தொப்பி, காதை மூடுகிற அளவுக்குப் பெரியது.

முதல் நாள் எனக்குச் சரியாக அமையவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்பு மூட்டும் நேரத்தில் தீப்பெட்டி காணவில்லை. என் பையில் பத்திரமாக இருந்தது. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “பதறாதீங்க, தேடுவோம்” என்று ஆரம்பிக்கும்போதே மாப்பிள்ளை பையிலிருந்து இன்னொரு தீப்பெட்டியை எடுத்துவிட்டார். உப்பு டப்பா போனது. சின்ன டப்பியில் வேறு உப்பு வந்தது. கூடார முளை அடிக்கிற சுத்தியலைக் காணோம். அதற்கும் ஜோடி இருந்தது. “இவரு இருக்கிற இடத்துல எதையும் தொலைக்கக்கூட முடியாது அண்ணா” என்றாள் தங்கை. சொன்னது என்னிடம். ஆனால் அந்தப் பெருமிதச் சிரிப்பு அவர் பக்கம் போயிற்று. சின்ன வயதில் அவள் பொம்மை, ரிப்பன், வளையல் எல்லாவற்றையும் நான்தான் கண்டெடுத்துக் கொடுத்திருக்கிறேன். அப்போது அந்தச் சிரிப்பு எனக்கு வரும்.

நான் பொறாமைக்காரன் இல்லை, ஐயா. உபயோகமில்லாமல் உட்கார்ந்திருப்பது மட்டும் எனக்கு ஆகாது.

மறுநாள் காலையில் இன்னொன்று நடந்தது. என் செருப்பு வார் பிய்ந்து, நான் ஒரு வாரமாகக் காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தேன். கூடாரத்துக்கு வெளியே கழற்றிப் போட்டிருந்ததைக் காலையில் மாட்டினால், வார் கச்சிதமாக நின்றது. மெல்லிய கம்பியால் உள்பக்கமாகத் தைத்து, முனை குத்தாமல் மடித்துவிடப்பட்டிருந்தது. “யார் இதைச் செஞ்சது?” என்று கேட்டேன். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் குறடு மணலில் கிடந்தது. நான் அவரையே பார்த்தேன். அவர், “டீ இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மச்சான்?” என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. செய்ததைச் சொல்லிவிட்டால் நானும் ஒரு நன்றியைச் சொல்லிக் கணக்கைத் தீர்த்துவிடுவேன். சொல்லாமல் விட்டால், அந்தக் கடன் காலடியிலேயே ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. ஒரு மனிதனை நன்றி சொல்லவிடாமல் செய்வது ஒருவகை அகம்பாவம் என்றுகூட எனக்குப் பட்டது. அவர் அப்படி நினைத்துச் செய்திருக்கமாட்டார். விவரம் போதாது, அவ்வளவுதான்.

நான் தினமும் காலையில் பிரார்த்தனை செய்கிறவன். அன்றும் கடலைப் பார்த்து உட்கார்ந்து, “இன்னிக்கு யாருக்காவது என்னால ஒரு உதவி ஆகணும்” என்று வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் எதிரே பொடிசு, சிப்பிகளைத் தொப்பியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையிடம் எல்லாம் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது என்றேன் அல்லவா. ஒன்றே ஒன்றாக இருந்தது அவள்தான்.

சாப்பிட்டபின் பெண்கள் இருவரும் கூடார நிழலில் கண்ணயர்ந்தார்கள். மாப்பிள்ளை சவுக்குத் தோப்புக்குள் சுள்ளி பொறுக்கப் போனார். தோப்புக்கு இந்தப் பக்கம் வலை வைக்கிற பழைய கொட்டகை ஒன்று இருக்கிறது. நான் முன்னமே போய்ப் பார்த்து, உள்ளே கூட்டிப் பெருக்கிவைத்திருந்தேன். காற்று வர ஜன்னல் உண்டு. பொடிசிடம் ஒளிந்து விளையாடலாம் என்றேன். பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்து, என் துண்டை விரித்து உட்காரவைத்தேன். குழந்தைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

“யார் கூப்பிட்டாலும் பேசக் கூடாது. மாமா சொன்னாத்தான் பேசணும். சரியா?”

“அப்பா கூப்பிட்டா?”

“அப்பாவும்தான். அதுலதான் விளையாட்டே.”

“விசில் ஊதினா?”

“அதுக்குத்தான் விசிலை மாமா வெச்சுக்கறேன். கயிறு கழுத்தை அறுக்குது பாரு” என்று கழற்றி என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். “இது நம்ம ரெண்டு பேருக்கும் ரகசியம்.” அவள் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். கதவை வெளியே கொக்கி போட்டேன். பாம்பு, பூச்சி வந்துவிடக் கூடாது.

கொட்டகை கூடாரத்துக்கு மிகவும் பக்கம். அதுதான் ஒரு சங்கடம். ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டால் தேடலுக்கு அர்த்தமில்லை. தேடுவதற்குக் கொஞ்சம் விசாலம் வேண்டும். அதனால் அவள் தொப்பியைக் கொண்டுபோய்த் திட்டுக்குப் போகிற வழியில், ஈர மணலில் வைத்தேன். எறியவில்லை, வைத்தேன். காற்றில் பறந்துவிடாமல் மேலே ஒரு சிப்பியும் வைத்தேன். யாரும் திட்டுக்குப் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் போகக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தங்கை எழுந்து, “பொடிசு எங்கே?” என்றாள். “இப்பத்தான் இங்க விளையாடிட்டிருந்தா” என்றேன். அதுவும் பொய்யில்லை. மாப்பிள்ளை சுள்ளிக்கட்டோடு வந்தார். விசிலை எடுத்து ஊதினார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மறுபடி ஊதினார். என் சட்டைப்பையில் இருந்த விசில் மிகவும் லேசானது, ஐயா, பிளாஸ்டிக். ஆனால் அந்த நேரத்தில் அது ஒரு படிக்கல் போலக் கனத்தது. இதை நான் உங்களுக்கு ஒளிக்கவில்லை.

பதில் வராததும் அவர் கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கரையோரமாக ஓடினார். தொப்பி அவர் கண்ணில்தான் முதலில் பட்டது. அதை எடுத்தார். மேலே இருந்த சிப்பி கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. திட்டைப் பார்த்தார். தண்ணீர் அப்போது இடுப்புக்குக் கீழேதான் இருந்திருக்கும். சட்டையோடு இறங்கிவிட்டார். நான் தூரத்தில் நின்றேன். கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? குழந்தை கொட்டகையில் இருக்கிறாள் என்றால், உமக்கு எப்படித் தெரியும் என்பார். பாதியில் சொல்லிவிட்டால் அது கண்டெடுப்பது ஆகாது, ஒப்புக்கொள்வது ஆகிவிடும். காய் பழுக்கட்டும் என்று பொறுத்தேன்.

என் தங்கை மணலில் உட்கார்ந்துவிட்டாள். மணலை அறைந்து அறைந்து அழுதாள். அவள் சின்ன வயதில்கூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என்னால் தாங்க முடியவில்லை. அவள் தலையைத் தடவி, “அண்ணன் இருக்கேன்” என்றேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன். எழுந்து நேராகத் தோப்புப் பக்கம் போனேன், ஏதோ ஒன்று என்னை அழைத்துப்போவது போல. நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. கொக்கியை எடுத்தேன். பொடிசு பிஸ்கட் துணுக்குகள் ஒட்டிய முகத்தோடு தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு வந்து தங்கை மடியில் போட்டேன்.

ஐயா, அந்த நிமிஷத்தை நான் எப்படிச் சொல்வேன். அவள் குழந்தையையும் என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். “என் சாமி, என் அண்ணா, நீங்க இல்லேன்னா நான் என்ன ஆவேன்” என்றாள். அந்தச் சிரிப்பு வந்தது, கண்ணீரோடு கலந்து, முழுக்க முழுக்க என் பக்கம். இத்தனை வருஷம் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து குடையும் டப்பாவும் கொடுத்ததெல்லாம் இதற்கு ஒரு ஒத்திகை என்று தோன்றியது.

என் மனைவிதான், “அவரைக் கூப்பிடுங்க முதல்ல” என்றாள்.

மாப்பிள்ளை அதற்குள் திட்டில் ஏறி, அதற்கும் அப்பால் பாறைகள் பக்கம் போய்க்கொண்டிருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். நாங்கள் கத்தினோம். கடல் காற்று எதிரே அடித்தது. எங்கள் குரல் எங்கள் வாய்க்கே திரும்பி வந்தது. என் மனைவி பாத்திரத்தைக் கரண்டியால் தட்டினாள். அதுவும் போய்ச் சேரவில்லை. ஆனால் அங்கிருந்து அவர் விசில் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. ஊதுவார், நிற்பார், காது கொடுப்பார். பதில் இல்லையென்று இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவார். மறுபடி ஊதுவார்.

“விசில். பொடிசு, உன் விசில் எங்கடி?” என்று தங்கை குழந்தையின் கழுத்தைத் தடவினாள்.

பொடிசு தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. நல்ல குழந்தை, ரகசியம் என்று சொன்னால் ரகசியம்தான்.

“இங்கதான் எங்கயாவது விழுந்திருக்கும். தேடுவோம்” என்றேன்.

எல்லோரும் தேடினோம். தங்கை மணலைக் கையால் வாரி வாரிப் பார்த்தாள். நான் கொட்டகை வழியெல்லாம் குனிந்து குனிந்து தேடினேன். ஆமாம், நானும் தேடினேன். பாதித் தேடலில் அது என் சட்டைப்பையில் இருப்பது எனக்கே மறந்துபோனது என்றால் நம்புவீர்களா? என் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். “உங்க கைக்குத்தானே எல்லாம் கிடைக்கும். இதையும் சீக்கிரம் கண்டுபிடிங்க” என்றாள். எப்போதும் கிண்டலாகச் சொல்கிறவள், அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. குரல் கெஞ்சியது. “எங்க கிடைச்சதுன்னு நான் கேக்கமாட்டேன்” என்றும் சொன்னாள்.

நான் குனிந்தேன். மணலிலிருந்து எடுப்பது போல எடுத்துவிடலாம். எத்தனையோ தடவை செய்த வேலைதான். கை சட்டைப்பைக்குள் போயிற்று. நிமிர்ந்தால் பொடிசு அம்மாவின் தோளுக்கு மேலாக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாளே, அதே பார்வை. உலகத்தில் என்னை முழுக்க நம்புகிறவள் அவள் ஒருத்திதான். அவள் கண் முன்னால் எப்படிப் பொய்யாக நடிப்பது? ஒரு குழந்தையின் நம்பிக்கையைக் கெடுப்பதைவிடப் பெரிய பாவம் இல்லை. கையை வெளியே எடுத்துவிட்டேன், வெறுமையாக.

அந்தப் பக்கத்து விசில் இன்னும் சில தடவை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்போல என்று நான் எல்லோருக்கும் ஆறுதல் சொன்னேன். அது ஒருவகையில் சரியாகத்தான் இருந்தது. திரும்பித்தான் வந்திருக்கிறார், இழுப்பு இருக்கிற நடுப் பகுதி வரைக்கும்.

வெயில் தாழப் படகோட்டி வந்தார். விஷயம் தெரிந்ததும் படகைத் திருப்பினார். இருட்டும் வரைக்கும் சுற்றினார். மறுநாள் மீனவர்கள்தான் மாப்பிள்ளையைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார்கள். தொப்பியைச் சட்டைக்குள் செருகி வைத்திருந்தாராம். அவரையாவது நான் கண்டெடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தம் உண்டு.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் தங்கை ஒன்றையே சொன்னாள். “அண்ணன் இல்லேன்னா ரெண்டு பேரையும் பறிகுடுத்திருப்பேன்.” வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேருந்து நிலையத்திலிருந்து என் மேலதிகாரிகூட வந்திருந்தார். “நம்ம பிரிவுக்கே பெருமை” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். புகழுக்கு ஆசைப்படுகிறவன் நான் இல்லை. வருவதைத் தடுக்கவும் முடியாது.

என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் தன் கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டுவிட்டாள். சாவியையும் இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறாள். எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் எதுவும் தொலைவதில்லை.

பொடிசு பேசுவதில்லை. யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறாள், பதில் வருவதில்லை. டாக்டர் அதிர்ச்சி என்கிறார். தங்கை, “என் பொண்ணோட பேச்சு எங்க போச்சுண்ணா, அதையும் தேடிக் குடுங்கண்ணா” என்று அழுகிறாள். போன வாரம்தான் எனக்கு உறைத்தது. யார் கூப்பிட்டாலும் பேசக் கூடாது, மாமா சொன்னால்தான் பேச வேண்டும் என்று சொல்லி உட்காரவைத்தேன் அல்லவா. அன்றைக்கு இருந்த அமளியில், விளையாட்டு முடிந்தது என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லலாம் என்றுதான் இருக்கிறேன். நல்ல சமயம் வரட்டும், நாலு பேர் இருக்கும்போது.

விசில் மட்டும் என்னிடமே இருந்தது. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காதவன் திருடன் என்று என் அப்பா சொல்வார். நேற்று மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தாமல் இருந்தது. தங்கை குளியலறையில் இருந்தாள். தண்ணீர் சத்தம் கேட்டது. பொடிசு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். விசிலை எடுத்துச் சட்டையில் துடைத்தேன். அவள் தலையணைக்குக் கீழே, சிவப்புக் கயிறு கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். கூப்பிடவில்லை. காத்திருக்கவில்லை. வந்த சுவடு தெரியாமல் படியிறங்கிவிட்டேன்.

தெருவில் நடக்கும்போதுதான் காலைப் பார்த்தேன். அதே செருப்பு. அந்தக் கம்பித் தையல் இன்னும் விடவில்லை. மாப்பிள்ளை எனக்குச் சொல்லாமல் ஒன்று செய்தார், நான் அவர் மகளுக்குச் சொல்லாமல் ஒன்று செய்துவிட்டேன், கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்து நினைத்துப் பார்த்தேன். மனம் ஆறவில்லை. என் வாழ்நாளில் நான் இப்படி ஒன்றைக் கொடுத்ததே இல்லை. சாயங்காலம் முழுக்க யாரோ என்னைக் கூப்பிடுவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அவர் எப்படித்தான் அன்றைக்கு டீயை ஆற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாரோ தெரியவில்லை.

அந்த விசிலைத் திருப்பிக் கொடுத்தது நான்தான், ஐயா. யாருமே பார்க்கவில்லை. அதனால்தான் நானே வந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது.